தொழுவத்து வாடை

கேள்வி: எங்கள் ஊர் குலசேகரம் பக்கம். வயது 22, பி.காம். முடித்திருக்கிறேன். விலங்குகள் என்றால் எனக்கு உயிர். நாகர்கோவிலில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு கிளினிக்கில் உதவியாளர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அப்பா வங்கித் தேர்வுக்குப் படி என்கிறார். அம்மா சொசைட்டியில் பால் ஊற்றித்தான் என் கல்லூரிக் கட்டணம் கட்டினாள். இப்போது மூட்டுவலி என்பதால் மாட்டை விற்றுவிடச் சொல்கிறோம். தொழுவத்து வாடை ஒத்துக்கொள்ளாததால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. பக்கத்து வீட்டு டாமி என்னைக் கண்டால்தான் சாப்பிடும். அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: மக்களே (நம் ஊர் வழக்கப்படியே கூப்பிடுகிறேன்), அப்பாவை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த வாடைக்கு வா.

டாமிக்குப் பெயர் எழுதியிருக்கிறாய். உன்னைப் படிக்கவைத்த பசுவுக்குப் பெயர் கிடையாதா? விலங்கு என்றால் உயிர் என்கிறாய். மாடு எந்தக் கணக்கில் வரும்? மூட்டுவலியோடு குத்தவைத்துக் கறக்கிறாளே, அவள் எந்தக் கணக்கில்? விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் வீட்டு முடிவு. ஆனால் அந்த மாட்டை ஒருநாளும் தொடாத உனக்கு, விற்கச் சொல்ல என்ன பாத்தியதை?

கிளினிக் மணக்கும் என்று நினைத்தாயோ? பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்த நாய்க்குட்டி ரத்தமாகக் கழியும். அந்த வாடை கூண்டில், துணியில், உன் தலைமுடியில் எல்லாம் ஏறும். சாதாரண பினாயிலுக்கு அந்தக் கிருமி சாகாது. பிளீச்சிங் கரைசல் விட்டுத் துடைக்கப்போவது டாக்டர் இல்லை, நீதான். நாயின் ஆசனவாய்ச் சுரப்பியைப் பிதுக்குகிற அன்று தெரியும், அதற்குச் சாணி சந்தனம் என்று. மற்றபடி வாய்க்கட்டுப் போட்டுப் பிடிப்பது, முடி மழிப்பது, டிரிப்ஸ் ஏறுகிற காலை அசையாமல் வைத்திருப்பது, கருவி கழுவுவது. ஊசி போடத் துடிக்காதே. 1984-ஆம் வருட இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி வைத்தியம் பார்ப்பது பதிவுபெற்ற டாக்டரின் வேலை. டாக்டர் இல்லாத நாளில் "நீயே போட்டுவிடேன்" என்பார்கள். மாட்டேன் என்று சொல்ல வேண்டும்.

நாளைக் காலை அம்மாவுக்கு முன்னால் எழுந்து சாணி வாரு. மடியைக் கழுவு. முதல் பீச்சுப் பாலைத் தனியாக எடுத்து, திரிதிரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித்தருவாள். மடிநோயின் ஆரம்ப அடையாளம் அது. பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். காலையில் கத்தினால் அன்று சாயங்காலம் கருவூட்டல், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. இதையெல்லாம் நோட்டில் எழுதாமலே தெரிந்தவள் வீட்டில் இருக்கிறாள். நீ வெளியே போய் வேலை கற்கப்போகிறாயாம்!

ஒரு மாதம் செய். கிளினிக்காரர் அதுவரை பொறுக்கமாட்டார் என்றால் விடு, வேறு கிளினிக் வரும். மகள் தினம் சாணி வாருவதைப் பார்க்கிற அப்பா வேறு மாதிரிப் பேசுவார். இன்றைக்கு அவர் வங்கித் தேர்வு என்பதைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம், எங்கே சேர்ந்தாலும் நாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள். கடித்த பிறகு போடுவது வேறு. அந்தச் செலவை யார் ஏற்பார்கள் என்று முதல் நாளே டாக்டரிடம் கேள். முகம் சுளித்தால் அங்கே சேராதே.