பட்டம் போன வழியும் இரத்தம் போன வழியும்

கேள்வி: இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஏர்ல் என்ற பிரபுப் பட்டம் வகித்த டி வியர் குடும்பத்தின் வரலாற்றை வாசித்து வருகிறேன். 12 முதல் 16 வரையிலான ஏர்ல்கள் ஐவரின் பெயரும் ஜான் என்றே இருக்கிறது. யார் யாருடைய மகன் என்பதை மூல ஆவணங்களைக் கொண்டு உறுதிசெய்ய முடியுமா? அச்சிடப்பட்ட வம்சாவளிகளை நம்பலாமா?

பதில்: முடியும். ஆனால், பட்டம் தந்தையிடமிருந்து மகனுக்கே வந்திருக்கும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். நீங்கள் குறிப்பிடும் ஐவரில் 13ஆம் ஏர்ல் 12ஆமவரின் மகன். 14ஆமவரோ 13ஆமவருடைய தம்பி மகன். 15ஆமவர் அவருக்குப் பங்காளி முறை. 16ஆமவரிடம்தான் பட்டம் மீண்டும் தந்தையிடமிருந்து மகனுக்கு வருகிறது.

இதை உறுதிசெய்ய மிகவும் உதவுபவை, லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் இறப்பு விசாரணைப் பதிவுகள். 13ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றிருந்தவர் இறந்தால், அரசு அலுவலர் அவருக்கு நிலமிருந்த ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர்க்காரர்களைக் கூட்டி, அவர் விட்டுச்சென்ற நிலங்கள் எவை, எந்த நாளில் இறந்தார், வாரிசு யார், அவர் வயது என்ன என்பவற்றைச் சத்தியத்தின் பேரில் கேட்டுப் பதிந்தார். வாரிசு உரிய வயதை எட்டாதவராயின் நிலத்தின் வருமானம் மன்னருக்குச் சேரும் என்பதே இந்த அக்கறைக்குக் காரணம். ஆகவே '21 வயதும் அதற்கு மேலும்' என்றிருந்தால், வாரிசு உரிய வயதை எட்டிவிட்டார் என்றுமட்டும் கொள்க. அதிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்கிடாதீர்கள். வாரிசின் வயதை மெய்ப்பிக்கத் தனியாக நடந்த விசாரணைகளில், அவர் பிறந்த நாளன்று தாம் குதிரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டதாகச் சாட்சிகள் சொல்வதுண்டு. வாசிக்கச் சுவையானவைதாம், ஆனால் வெவ்வேறு ஊர்ப் பதிவுகளில் இதே கதை திரும்பத் திரும்ப வருவதால், எழுத்தர்களின் கைவண்ணமோ என்ற ஐயம் எழுகிறது.

தேதிகளிலும் கவனம் தேவை. 1752க்கு முன் அங்கே ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. 13ஆம் ஏர்ல் மறைந்தது நம் கணக்கில் 1513 மார்ச் 10. அக்காலக் கணக்கிலோ அது இன்னும் 1512. இரண்டையும் காண்பவர் இரு வேறு இறப்புகள் என்று மயங்கக்கூடும்.

அச்சு வம்சாவளிகளைத் துப்பாகக் கொள்ளுங்கள், சான்றாகக் கொள்ளாதீர்கள். அவற்றில் பல, 1530 முதல் 1688 வரை பிரபுக் குடும்பங்களின் சின்னங்களைச் சரிபார்க்கும் மரபுச்சின்ன அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகச் சென்று தொகுத்த பட்டியல்களிலிருந்து வந்தவை. தகவல் கொடுத்தவர்கள் அந்தந்தக் குடும்பத்தினரே என்பதால், பாட்டனார் காலம் வரை பெரும்பாலும் சரியாக இருக்கும். அதற்கு மேலே போகப்போகப் பெருமையும் கலந்துவிடும். டி வியர்களுக்கு அந்தக் கவலை குறைவு: ஆப்ரி டி வியரின் பெயர் 1086ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நிலங்களைப் பதிந்த டூம்ஸ்டே கணக்கெடுப்பிலேயே இருக்கிறது.

ஒருபடி மேலே போக விரும்பினால், 18ஆம் ஏர்ல் 1625இல் பிள்ளையின்றி இறந்தபின் எழுந்த வழக்கைத் தேடிப் படியுங்கள். பட்டம் பங்காளியான ராபர்ட் டி வியருக்கும், அக்குடும்பம் பரம்பரையாக வகித்துவந்த லார்டு கிரேட் சேம்பர்லின் என்ற அரசவைப் பதவி அத்தை மகனான ராபர்ட் பெர்ட்டிக்கும் போயின. 1703இல் 20ஆம் ஏர்ல் ஆண் வாரிசின்றி மறைந்ததோடு பட்டம் அற்றுப்போனது. பதவியோ பெர்ட்டியின் வழியினரிடம் தொடர்ந்தது.