போர்டோ ஒயினில் 3 லட்சம் போடலாமா?

கேள்வி: சென்னையில் ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். செப்டம்பரில் மனைவியுடன் பிரான்ஸ் போகிறேன். போர்டோவில் சில நாட்கள் தங்குவோம். எனக்கு நல்ல ஒயின் பிடிக்கும். உயர்ரக ஒயின் விலை இப்போது இறங்கியிருக்கிறது, வாங்கி வைத்தால் பின்னால் ஏறும் என்கிறார் நண்பர். போனஸ் பணம் 3 லட்சம் கையில் இருக்கிறது. ஆபீசில் ஆட்குறைப்புப் பேச்சு ஓடுகிறது. அவசரத்துக்கு மூன்று மாதச் செலவுப் பணம் வைத்திருக்கிறேன், வீட்டுக் கடன் உண்டு. வாங்கலாமா?

பதில்: ஒயின் வாங்குங்கள், ஆனால் குடிப்பதற்காக வாங்குங்கள். முதலீடு என்ற பேச்சு உங்கள் விஷயத்தில் பொருந்தாது.

விலை இறங்கியிருப்பதாக உங்கள் நண்பர் சொல்வது உண்மைதான். 2022-ன் பிற்பகுதியில் உச்சத்தைத் தொட்ட உயர்ரக ஒயின் விலைகள் அடுத்த சில ஆண்டுகளில் கணிசமாகச் சரிந்தன. ஆனால் இறங்கியது எல்லாம் ஏறியே தீரும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சீனப் பணக்காரர்கள் போட்டி போட்டு வாங்கிய காலத்தில், போர்டோவின் புகழ்பெற்ற பண்ணையான ஷாத்தோ லாஃபீட் தன் 2008 விளைச்சல் பாட்டிலில், சீனர்கள் ராசி என்று நம்பும் எட்டைச் சீன எழுத்தில் பொறிக்கப்போவதாக அறிவித்ததுமே அதன் விலை எகிறியது. 2011-க்குப் பிறகு அந்த மோகம் அடங்கியது. உச்சத்தில் வாங்கியவர்கள் பல ஆண்டுகள் நஷ்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், நீங்கள் அதை எங்கே விற்பீர்கள் என்பது. ஒயினில் பணம் பார்ப்பவர்கள் பாட்டிலை வீட்டில் வைப்பதில்லை. வரி கட்டாமல் வைக்கும் அங்கீகரிக்கப்பட்ட கிடங்கில், மரப்பெட்டி பிரிக்காமல், எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு மாறியது என்ற ஆவணத்தோடு அது கிடக்கும். லண்டனிலும் ஹாங்காங்கிலும் வாங்குபவர் முதலில் கேட்பது அந்த ஆவணத்தைத்தான். சூட்கேஸில் வந்து, சென்னை வெயிலில் அலமாரியில் இருந்த பாட்டிலுக்கு யாரும் அந்த விலை தரமாட்டார்கள். உரிமம் இல்லாமல் இங்கே விற்பதும் குற்றம். தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனையே டாஸ்மாக் கையில்தான் இருக்கிறது. விற்க வழியில்லாத பொருளை நான் சேமிப்புக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

அதனால் 3 லட்சத்தில் 2 லட்சத்து 60 ஆயிரத்தை இப்போதே லிக்விட் ஃபண்டிலோ, எப்போது வேண்டுமானாலும் உடைக்கக்கூடிய எஃப்.டி.யிலோ போட்டுவிடுங்கள். வேலை போனால் அடுத்த வேலை கிடைக்க மூன்று மாதம் போதும் என்று இன்றைய நிலைமையில் எண்ணாதீர்கள். ஈ.எம்.ஐ.யையும் சேர்த்து ஆறு மாதச் செலவு கையில் இருக்கட்டும். வட்டி குறைவு என்று தயங்கவேண்டாம், இந்தப் பணத்தின் வேலை வட்டி சம்பாதிப்பது இல்லை.

மீதி 40 ஆயிரம் ஒயினுக்கு. இது போதாது என்று தோன்றலாம், ஆனால் இந்தியச் சுங்க விதியே உங்களை அந்த அளவுக்குள் நிறுத்திவிடும். வரியில்லாமல் ஒருவர் 2 லிட்டர் மதுதான் கொண்டுவரலாம். வழக்கமான பாட்டில் 750 மில்லி, எனவே மூன்றாவது பாட்டிலே வரம்பைத் தாண்டிவிடும். இரண்டு முழு பாட்டிலோடு சோதேர்ன் இனிப்பு ஒயினில் 375 மில்லி அரை பாட்டில் ஒன்று எடுத்தால் 1.875 லிட்டர். உங்கள் மனைவிக்கும் அதே அளவு தனியாக உண்டு. அதற்கு மேல் கொண்டுவந்தால் சுங்கத்தில் அறிவித்து வரி கட்டவேண்டும். அது பாட்டிலின் விலையையே தாண்டிவிடலாம்.

போர்டோவில் பெரிய நாடக அரங்குக்குப் பக்கத்தில் லாந்தாந்தான் என்ற கடை இருக்கிறது. நடுவில் சுழன்று ஏறும் படிக்கட்டு, சுவர் முழுக்க பாட்டில்கள். கீழே மலிவானவை, மேலே ஏற ஏற விலையும் ஏறும். பாதிப் படியோடு நின்றுகொள்ளுங்கள். அங்கேயே நல்ல பண்ணைகள் தங்கள் முதன்மை ஒயினுக்கு அடுத்ததாகத் தயாரிக்கும் இரண்டாவது ஒயினும், உச்சிப் பெயர்களுக்குக் கீழே வரும் க்ரூ பூர்ஷ்வா வகையும் கிடைக்கும். 1855-ல் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் போட்ட போர்டோ ஒயின் தரவரிசையில் உச்சியில் இருக்கும் பெயர்களை ருசிக்க ஆசையா? அதற்கு ஒரு முழு பாட்டில் வேண்டாம், கிளாஸ் கணக்கில் ஊற்றித் தரும் பாரில் ஒரு கிளாஸ் குடித்துப் பாருங்கள். இன்னொரு விஷயம், செப்டம்பரில் பிரான்ஸ் சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் சந்தை நடக்கும். உள்ளூர்க்காரர்கள் வருடத்துக்கு வேண்டியதை அப்போதுதான் வாங்கி அடுக்குவார்கள். தள்ளுபடி நன்றாகவே இருக்கும்.

கார்டு தேய்க்கும்போது ரூபாயா யூரோவா என்று மெஷின் கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த மாற்று விகிதம்தான். சாதாரண கிரெடிட் கார்டில் 2 முதல் 3.5 சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு, எனவே கட்டணமில்லாத கார்டு ஒன்றைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.

அப்புறம், ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டி வரித் திருப்பிக்கான படிவம் கேளுங்கள். வாட் 20 சதவீதம் என்றாலும் இடைத்தரகர் கமிஷன் போகக் கைக்கு வருவது சுமார் 12 சதவீதம்தான். விமான நிலையத்தில் லக்கேஜைப் போடும் முன்பே சுங்கத்துறையின் பாப்லோ மெஷினில் அந்தப் படிவத்தை ஸ்கேன் செய்யவேண்டும். பாட்டிலைக் காட்டச் சொல்லி அதிகாரி கேட்கலாம், பெட்டி அதற்குள் பெல்ட்டில் போயிருந்தால் பணமும் போய்விடும்.