சரிபாதி எடை என்ற கணக்கை நம்பி ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். இதுவரை முன்சக்கர இழுவைக் கார்களை மட்டுமே ஓட்டியிருக்கிறேன். வார இறுதியில் ஓட்டுவதற்காக, கூரையைத் திறந்து மூடக்கூடிய இரண்டு இருக்கைக் கார் ஒன்றைப் பழையதாக வாங்க விரும்புகிறேன். 2007-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றும் 2003-ஆம் ஆண்டு டொயோட்டா எம்ஆர்2 ஒன்றும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வருகின்றன. எம்ஆர்2 காரை முடித்துத் தர முன்வந்தவர், "இன்ஜின் நடுவில் இருப்பதால் பின்சக்கரங்களின் மேல் எடை அதிகம், அதனால் மழையிலும் பிடிப்பு கூடும்" என்கிறார். மாஸ்டாவில் எடை முன்னும் பின்னும் சரிபாதியாக இருப்பதாகப் படித்தேன். எதை வாங்குவது?

பதில்: அடிப்பகுதி துருப்பிடிக்காமல் இருந்தால் மாஸ்டாவை வாங்குங்கள். ஆனால் எடை சரிபாதி என்பதற்காக அதை வாங்காதீர்கள்.

உங்களிடம் பேசியவர் சொன்னதில் பாதி உண்மை. எம்ஆர்2-வின் இன்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. காரின் எடையில் நூற்றுக்கு 55 பங்குக்கு மேல் பின்சக்கரங்களின் மீது விழுவதால், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும், வளைவு முடிந்து வேகமெடுக்கும்போதும், பிரேக் பிடிக்கும்போதும் அது மிக நல்ல அமைப்பு. அவர் சொல்லாமல் விட்ட மறுபாதி, வளைவுக்குள் நுழையும்போது நடப்பது. முன்பக்கம் இலேசாக இருப்பதால் நனைந்த சாலையில் முன்சக்கரங்கள் முதலில் சற்று வெளிப்பக்கம் நழுவும். முன்சக்கர இழுவைக் காரில் பழகிய எவரும் அந்த நொடியில் செய்வது ஒன்றே: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். உங்கள் பழைய காரில் அது சரியான வைத்தியம். எம்ஆர்2-வில் காலை எடுத்தவுடன் எடை முன்னால் சாய்ந்து முன்சக்கரங்கள் மீண்டும் சாலையைப் பற்றிக்கொள்ளும். அதே கணத்தில் பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்து பின்பக்கம் வெளியே வீசும்.

எடை இப்படி இடம் மாறும் அளவைப் பலர் நம்புவதில்லை. சுமார் 1,000 கிலோ எடையும், அச்சுகளுக்கிடையே 2.3 மீட்டர் நீளமும், 45 செ.மீ. உயரத்தில் எடைமையமும் கொண்ட ஒரு காரில் உலர்ந்த சாலையில் பலமாகப் பிரேக் பிடித்தால், ஏறக்குறைய 150 கிலோ பின்னாலிருந்து முன்னால் போய்விடும். காலை மட்டும் எடுக்கும்போது இதில் ஒரு சிறு பங்குதான் நகரும் என்றாலும், ஈரத்தில் அதுவே போதும்.

இங்கே விகிதத்தைவிட முக்கியமானது, கனமான பாகங்கள் காரின் நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பது. இரு முனையிலும் குடம் தொங்கும் காவடியைத் தோளில் சுமப்பவர் உடலைத் திருப்பத் தொடங்குவதும் கடினம், திரும்பத் தொடங்கியபின் நிறுத்துவதும் கடினம். குடங்களை நடுவுக்கு நகர்த்திக் கட்டினால் இரண்டுமே எளிதாகிவிடும். எம்ஆர்2-வில் எடை நடுவில் குவிந்திருப்பதால் அது ஸ்டியரிங் சொன்ன பேச்சை உடனே கேட்கிறது. சுழலத் தொடங்கினாலும் அதே வேகத்தில் சுழன்றுவிடுகிறது. கை பழகியவருக்கு அதுவே சுகம். புதியவருக்கோ, என்ன நடக்கிறது என்று உணர்வதற்குள் கார் பக்கவாட்டில் நிற்கும். எம்எக்ஸ்-5-இல் இன்ஜின் முன்னால் இருந்தாலும், முன் அச்சுக்குப் பின்னே தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கிறது. அதுவும் பின்பக்கத்தை வீசத்தான் செய்யும், ஆனால் சற்று நிதானமாக, முன்கூட்டியே சொல்லிவிட்டு. அந்த ஆண்டு மாடலின் சில ரகங்களில் டிஎஸ்சி என்னும் நிலைப்புக் கட்டுப்பாடும் (கார் வழுக்கத் தொடங்கினால் தானே பிரேக் பிடித்து நிலைநிறுத்தும் அமைப்பு) உண்டு. அது உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

சரிபாதி எடை இருந்தால் ஆபத்தில்லை என்ற எண்ணத்துக்குப் பெரிய விதிவிலக்கு ஹோண்டா எஸ்2000. 1999-இல் வந்த அந்தக் காரில் இன்ஜின் முன் அச்சுக்குப் பின்னால்தான் இருக்கிறது, எடையும் ஏறக்குறைய சரிபாதிதான், பொறியியலில் குறை சொல்ல இடமே இல்லை. ஆனாலும் அதன் தொடக்க ஆண்டுக் கார்கள் ஈரச் சாலையில் திடீரென்று பின்பக்கத்தை வீசுவதற்குப் பெயர்போனவை. சஸ்பென்ஷன் அமுங்கும்போது பின்சக்கரங்கள் பார்க்கும் திசையே சற்று மாறும்படி அதன் அமைப்பு இருந்தது. நிமிடத்துக்கு 9,000 சுற்றுவரை ஏறும் இன்ஜினின் வேகமும் அதோடு சேர்ந்துகொண்டது. ஹோண்டா 2004-இல் பின் சஸ்பென்ஷனைத் திருத்தி அந்தத் திசைமாற்றத்தைக் குறைத்தது. எடை விகிதம் அப்படியே இருக்க, காரின் குணம் மட்டும் மாறியது. விகிதத்தைக் காட்டி விற்க வருகிறவரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், பேச்சை நிறம், ஆடியோ சிஸ்டம் பக்கம் திருப்பிவிடுவார்.

மேலும், அந்த விகிதத்தை யார் உட்கார்ந்திருக்கும்போது அளந்தார்கள் என்று கேட்பாரில்லை. ஆயிரம் கிலோ காரில் இரண்டு பெரியவர்கள் ஏறினால் 150 கிலோ கூடிவிடுகிறது. மாஸ்டா சொல்லும் சரிபாதிக் கணக்கே இருவர் அமர்ந்த நிலையில் சொல்லப்படுவது. பின் டிக்கியில் கனத்த ஸ்பீக்கர் பெட்டியை ஒருவர் மாட்டியிருந்தால் அந்தக் கணக்கும் போயிற்று, நடுவில் குவிந்த எடையும் போயிற்று.

நான் உண்மையில் அஞ்சுவது டயருக்கும் தரகருக்கும்தான். எம்ஆர்2-வில் முன் டயர் ஒடுக்கமானது, பின் டயர் அகலமானது. உங்கள் 2003 மாடலில் முன்னால் 185, பின்னால் 215, ரிம் அளவும் 15, 16 என்று வேறு வேறு. பின்பக்கம் முதலில் வழுக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக உற்பத்தியாளர் செய்த ஏற்பாடு இது. ஆனால் விற்பனைக்கு வரும் கார்களில் நாலும் ஒரே அளவு 'அழகு' ரிம்கள், முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் இன்னொரு கம்பெனி டயர், காரைத் தாழ்த்தும் மலிவான ஸ்பிரிங் என்று எல்லாம் கிடக்கும். தாழ்த்திய கார் பள்ளத்தில் இறங்கும்போது சஸ்பென்ஷன் ரப்பர் தடுப்பில் முட்டி, அந்தச் சக்கரம் சட்டென்று பிடிப்பை விட்டுவிடும். இதற்கு 'டிராக் செட்டப்' (பந்தயத் தடத்துக்கான அமைப்பு) என்று பெயர் வைத்துக் கூடுதலாக 500 பவுண்டு கேட்பார்கள்.

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 0914 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டு 9-ஆம் வாரத்தில் செய்த டயர். கோடையில் மட்டும் ஓட்டிய காரில் பள்ளக்கோடு ஆழமாகவே இருக்கும், ரப்பர் மட்டும் கல்லாகியிருக்கும். ஆனால் எம்ஓடி என்னும் ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனை 1.6 மி.மீ. ஆழம் இருக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் தந்துவிடும். பத்து ஆண்டு கடந்த டயரை லாரி, பஸ்களின் முன் அச்சில் போடக் கூடாதென்று 2021-இல் தடை விதித்தவர்களுக்கு, சாதாரணக் கார் ஓட்டுபவனின் உயிர் நினைவுக்கு வரவில்லை. சக்கரங்களின் கோணத்தையும் எம்ஓடி அளப்பதில்லை. விபத்தில் கட்டமைப்பே சேதமாகி, காப்பீட்டு நிறுவனத்தால் 'எஸ்' பிரிவில் ஒதுக்கப்பட்ட காரை நிமிர்த்திச் சாலைக்குக் கொண்டுவருகிறவர், நிமிர்த்திய வேலையை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. முன்பு, இது அதே கார்தானா என்று பார்க்கும் அடையாளச் சோதனை என்று ஒன்று இருந்தது. பழுதின் தரத்தைப் பார்க்காத அதையும் 2015-இல் எடுத்துவிட்டார்கள்.

ஆகவே பணம் கொடுக்கும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, மாஸ்டாவின் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டிப் பகுதியைக் கையால் தடவி, விளக்கடித்துப் பாருங்கள். கூரையிலிருந்து இறங்கும் நீர்க்குழாய் அடைத்துக்கொண்டால் ஈரம் தங்கிச் சேதம் செய்யும் இடம் அது. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு வெளியிலிருந்து மீதி வேலையைச் செய்யும். புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு மட்டும் பளபளத்தால் அதற்கடியில் என்ன இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அரசின் இணையப் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும் எம்ஓடி வரலாற்றில் துரு பற்றிய எச்சரிக்கை எந்த ஆண்டு தொடங்கியது என்றும் பாருங்கள்.

இரண்டாவது, காரை நான்கு சக்கரக் கோணம் அளக்கும் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லி, அச்சிட்ட அளவுத் தாளைக் கையில் வாங்குங்கள். செலவு உங்களுடையதாகவே இருக்கட்டும். பின்சக்கரங்களின் இடது வலது அளவுகள் வேறுபட்டு, திருத்தியும் சரிக்கு வரவில்லையென்றால் அந்தக் காரின் எலும்பு வளைந்திருக்கலாம். இதற்கு வர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

கடைசியாக, அந்தக் கார் உங்களிடம் பேசியவர் பெயரில்தான் பதிவாகியிருக்கிறதா என்று வி5சி பதிவுப் புத்தகத்தில் பாருங்கள். 'நண்பருடைய கார், நான் உதவுகிறேன்' என்பவர் பெரும்பாலும் வீட்டு முற்றத்தில் வியாபாரம் செய்பவர். வியாபாரியிடம் வாங்கிய கார் பழுதென்றால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். தனியாரிடம் வாங்கினால் அந்த உரிமை கிடையாது, அதனால்தான் அவர் நண்பராகிறார். அவர் பெயரும் பதிவுப் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் முன்பணமாக ஒரு பவுண்டுகூடக் கொடுக்காதீர்கள்.