சின்ன வயதில் பரதம் கற்றால் சினிமாவுக்கு வந்துவிட முடியுமா?

"என் மகளுக்கு எட்டு வயது. ஒரு வருடமாகப் பரதநாட்டிய வகுப்புக்குப் போகிறாள். நடன வகுப்பில் தொடங்கி சினிமா நட்சத்திரமானவர்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள்? அவளையும் அப்படிக் கொண்டுவர முடியுமா?" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

நான் ஏழு வயதில் கும்பகோணத்தில் பரதத்தின் முதல் பாடமான தட்டடவு போடத் தொடங்கியவள். இப்போது எங்கள் வீட்டு மாடியில் இருபது பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். வருடத்துக்கு நாலைந்து அம்மாக்களாவது என்னிடம் இதே கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கெல்லாம் நான் நடிகை வைஜெயந்திமாலாவைப் பற்றித்தான் சொல்வேன். உங்களுக்கும் அதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அவர் திருவல்லிக்கேணி ஐயங்கார் வீட்டுப் பெண். அம்மா வசுந்தரா தேவி, 1943இல் ஜெமினி தயாரித்த 'மங்கம்மா சபதம்' படத்தின் கதாநாயகி. அந்தக் காலத்தில் அந்தப் படம் பெரிய வெற்றி. அப்படியென்றால் மகளுக்குச் சினிமா வாசல் திறந்தே இருந்தது என்று நினைப்போம். ஆனால் அவரை வளர்த்தது பாட்டி யதுகிரி தேவி. அந்த வீட்டில் பாட்டும் நடனமும் படிப்பும்தான் முதலில். நடனத்துக்கு வழுவூர் ராமையா பிள்ளை, கர்நாடக சங்கீதத்துக்கு மணக்கால் சிவராஜ ஐயர், பள்ளிப் படிப்புக்கு சர்ச் பார்க். 1940இல், பிஞ்சு வயதில், வாட்டிகனில் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் முன்னால் ஆடியிருக்கிறார். அம்மா பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தாராம்.

வழுவூர் ராமையா பிள்ளையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். மயிலாடுதுறைப் பக்கம் இருக்கிறது வழுவூர். அட்ட வீரட்டானங்களில் ஒன்று, யானையை உரித்த சிவன் கோயில் கொண்ட ஊர். அங்கிருந்து சென்னைக்கு வந்த இந்த நட்டுவனாரின், அதாவது நடன ஆசானின், பாணியில் உடம்பு ஒரு கொடி மாதிரி வளையும், நடுநடுவே சிலை மாதிரி ஒரு நிலையில் நிற்கும், அபிநயத்தில், அதாவது முகத்தாலும் கையாலும் உணர்ச்சி காட்டுவதில், லாஸ்யம் என்கிற நளினம் கூடுதலாக இருக்கும். கேமராவுக்கு இதைவிடப் பொருத்தமான பாணி இருக்க முடியாது என்பது என் எண்ணம். அவருடைய இன்னொரு மாணவி குமாரி கமலா. 1947இல் ஏவிஎம் எடுத்த 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்களுக்கு ஆடியவர். பரதம் தெரிந்த ஒரு பெண் திரையில் வந்தால் ஜனங்கள் ரசிப்பார்கள் என்பது அந்தப் படத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அடுத்து ஏவிஎம் 'வாழ்க்கை' படத்துக்குப் புதுமுகம் தேடியது. இயக்குநர் எம். வி. ராமன் சென்னை கோகலே ஹாலில் வைஜெயந்திமாலாவின் நடனத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்தான் என்று முடிவு செய்தார். பாட்டிக்குச் சம்மதமில்லை. நடிக்கிற வயதா இது, படிப்பும் நடனமும் கெட்டுப்போகுமே என்ற கவலை அவருக்கு. பேசிப் பேசித்தான் சம்மதம் வாங்கினார்கள். இந்த இடத்தைக் கவனியுங்கள். அவர்கள் வீட்டிலிருந்து யாரும் படக்கம்பெனி வாசலில் போய் நிற்கவில்லை. பிள்ளை ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்தாள், சினிமா தேடிக்கொண்டு வந்தது. அப்படி வந்தபோதும் வீட்டுப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, நடனம் என்ன ஆகும் என்பதுதான்.

'வாழ்க்கை' 1949இல் வந்தது. அதே கதை தெலுங்கில் 'ஜீவிதம்', 1951இல் இந்தியில் 'பஹார்'. ஒரே அடவை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், போடச் சொல்வோமே, அப்படி ஒரே கதையை மூன்று மொழியில் நடித்திருக்கிறார். இந்திப் படத்தில் தன் குரலிலேயே பேச வேண்டும் என்று இந்தி பிரசார சபாவில் சேர்ந்து மொழியைக் கற்றுக்கொண்டார். நடன வகுப்பில் வளர்ந்த பிள்ளையின் குணம் இதில் அப்படியே தெரிகிறது. தெரியாத உருப்படியா, அதாவது புது நடனப் பாடமா, உட்கார்ந்து பாடம் பண்ணு, அவ்வளவுதான்.

1954இல் 'நாகின்' வந்தது. மகுடி ஓசைக்கு அவர் ஆடிய ஆட்டம் வடநாடு முழுக்கப் பேச்சானது. அதுவரை மதராஸிலிருந்து வந்த நன்றாக ஆடுகிற பெண், அதற்குப் பிறகு நட்சத்திரம்.

நான் அதிகம் பேச நினைப்பது இதற்கு அடுத்த வருடத்தைப் பற்றி. ஆடத் தெரிந்தவர்களுக்குச் சினிமாவில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. நாங்கள் கற்பது கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிகிற அபிநயம். புருவம் நன்றாக ஏற வேண்டும், விழி முழுக்கத் திரும்ப வேண்டும். கை போகிற இடத்துக்குக் கண் போக வேண்டும் என்று அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூலில் வருவதைப் பிள்ளைகளுக்கு முதல் வருடத்திலிருந்தே சொல்கிறோம். கேமரா முகத்துக்கு இரண்டடி தூரத்தில் வந்து நின்றால் இதெல்லாம் மிகையாகிவிடும். வைஜெயந்திமாலாவின் ஆரம்பப் படங்களைப் பார்த்தால் எனக்கு அது தெரியும். கண்கள் எப்போதும் பளிச்சென்று விரிந்திருக்கும், வசனம் பேசும்போதுகூட ஒரு முத்திரை வரப்போகிற மாதிரியே இருக்கும்.

1955இல் பிமல் ராய் 'தேவ்தாஸ்' எடுத்தார். அதில் சந்திரமுகி வேடம் இவருக்கு. ஆடிப் பிழைக்கிற பெண், ஒருவனுக்காக ஆட்டத்தை விட்டுவிடுகிறாள். இந்தப் படத்தில் அவர் முகத்தை அடக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். பார்வை தாழ்ந்திருக்கும்போதே உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. என்னைக் கேட்டால் அதுவும் அபிநயத்திலிருந்து வந்ததுதான். பதம் என்கிற அபிநயப் பாடலுக்கு ஆடும்போது ஒரே வரியைப் பத்து விதமாகக் காட்டப் பழகுகிறோம், கோபமாக, கெஞ்சலாக, பொய்க் கோபமாக. அப்படிப் பழகியவருக்கு எதைக் குறைக்கலாம் என்றும் தெரியும். கையில் நிறைய வைத்திருப்பவர்தானே குறைத்துக் கொடுக்க முடியும்?

அந்தப் படத்துக்குச் சிறந்த துணை நடிகைக்கான பிலிம்பேர் விருதை அவருக்கு அறிவித்தார்கள். அவர் வாங்க மறுத்துவிட்டார். சந்திரமுகியும் பார்வதியும் கதையில் சமமான நாயகிகள், துணைப் பாத்திரம் என்று எப்படிச் சொல்லலாம் என்பது அவருடைய வாதம். அவர் நடிக்க வந்து பத்து வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தத் துணிச்சலை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். அப்புறம் 'சாதனா', 'கங்கா ஜமுனா', 'சங்கம்' என்று மூன்று முறை சிறந்த நடிகைக்கான விருது அவரிடமே வந்தது.

1958இல் எஸ். எஸ். வாசனின் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்'. பத்மினியும் இவரும் போட்டி போட்டு ஆடுகிற ஆட்டத்தையும், நடுவில் பி. எஸ். வீரப்பா சொல்கிற அந்த ஒற்றை வசனத்தையும் தெரியாத தமிழர் இருக்க மாட்டார்கள். பத்மினியும் சின்ன வயதில் வகுப்பிலிருந்து வந்தவர்தான். குரு கோபிநாத்திடமும் திருவிடைமருதூர் மகாலிங்கம் பிள்ளையிடமும் கற்றவர். சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் உதயசங்கர் எடுத்து 1948இல் வெளியான 'கல்பனா'வில் அக்கா லலிதாவோடு ஆடித் திரைக்கு வந்தார். வேறு வேறு ஆசானிடம் பாடம் பண்ணிய இரண்டு பேர் எதிரெதிரே நிற்பதால்தான் அந்தப் போட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது. பாட்டுக் காட்சியைத் துண்டு துண்டாக எடுப்பார்கள். ஒரு வரியை எடுத்துவிட்டு விளக்கை மாற்றுவார்கள், பிறகு அடுத்த வரி. அதே வேகம், அதே மூச்சு, அதே முகம் மறுபடி வர வேண்டும். வர்ணம் என்கிற நீண்ட உருப்படியை முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் ஆடிப் பழகிய உடம்புக்கு அது வரும். மற்றவர்கள் சீக்கிரம் களைத்துப்போவார்கள்.

சரி, எல்லோருக்கும் இப்படி அமையுமா என்றால், அமையாது. ஸ்ரீதர் 'வெண்ணிற ஆடை' எடுத்தபோது முதலில் பார்க்கப்பட்டு, பிறகு வேண்டாம் என்று விடப்பட்டவர் ஹேமமாலினி. நன்றாக ஆடத் தெரிந்த பெண். அதே 1965ஆம் வருடப் படத்தில் தமிழுக்கு வந்த ஜெயலலிதாவும் கே. ஜே. சரசாவிடம் நாட்டியம் கற்று, 1960இல் மயிலாப்பூர் ரசிக ரஞ்சனி சபாவில் சிவாஜி கணேசன் முன்னிலையில் அரங்கேறியவர். இரண்டு பேரும் பரதம் ஆடியவர்கள், ஒருவருக்குக் கிடைத்தது, ஒருவருக்குக் கிடைக்கவில்லை. ஹேமமாலினி 1968இல் இந்திக்குப் போய் அங்கே பெரிய நட்சத்திரமானார். யாருக்கு எப்போது அமையும் என்று எந்த வாத்தியாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன்.

வைஜெயந்திமாலாவின் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசிப் பகுதி. 1968இல் திருமணம். அதற்குப் பிறகு படங்களை விட்டுவிட்டார். கடைசிப் படம் 1970இல் வந்தது. புகழ் உச்சியில் இருந்தவர் மறுபடி ஒரு மாணவியாகத் பரதக் கச்சேரி முறையை வகுத்த தஞ்சை நால்வர் வழிவந்த கிட்டப்பா பிள்ளையிடம் உட்கார்ந்து, மேடைகளில் யாரும் ஆடாமல் விட்டிருந்த பழைய உருப்படிகளைப் பாடம் பண்ணினார். 1982இல் சங்கீத நாடக அகாதமி விருது, அது சினிமாவுக்கு அல்ல, பரதநாட்டியத்துக்கு. நடுவில் தென் சென்னையிலிருந்து இரண்டு முறை நாடாளுமன்றத்துக்கும் போனார். 2024இல் பத்ம விபூஷண். அதே வருடம், தொண்ணூறு வயதில், அயோத்தியில் ஆடினார். அந்த வீடியோவை என் வகுப்பில் போட்டுக் காட்டினேன். வழக்கமாகக் கத்திக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அன்றைக்குச் சத்தமே போடவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சினிமா அவருக்கு இருபது வருடம். நடனம் எண்பது வருடத்துக்கும் மேல்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருடம்தான் ஆகிறது என்றால் இப்போது நாட்டடவு, குத்தடவு என்று போய்க்கொண்டிருப்பாள். முழங்காலை மடித்துப் பாதி உட்காருகிற அரைமண்டி சரியாக வருகிறதா, மூன்று காலத்திலும் தாளம் தப்பாமல் வருகிறதா என்று பாருங்கள். பாட்டும் கற்றுக்கொடுக்க முடிந்தால் கற்றுக்கொடுங்கள், பாட்டு தெரிந்தால் அபிநயம் தானாக ஆழமாகும். சினிமாப் பாட்டுக்கு ஆடி வீடியோ போட இப்போது அவசரப்பட வேண்டாம். எங்கள் வகுப்பில் ஒரு பெண் அப்படிப் போட்டுவிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டே இருந்தாள். இரண்டு மாதத்தில் அடவு போடுவதே அவளுக்குச் சலித்துவிட்டது. மறுபடி அவளை ஜதிக்குள் கொண்டுவர எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளை மடியில் உட்கார வைத்து வஞ்சிக்கோட்டைப் போட்டி நடனத்தைப் போட்டுக் காட்டுங்கள். முதல் தடவை முகங்களைப் பார்க்கட்டும், இரண்டாவது தடவை கால்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். என் பிள்ளைகளில் பாதிப் பேர் பத்மினி பக்கம், பாதிப் பேர் வைஜெயந்தி பக்கம். உங்கள் பெண் எந்தப் பக்கம் என்று எனக்கு எழுதுங்கள்.