"வந்தது, நான் அனுப்பவில்லை" என்கிறான் மகன்

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மகன் பத்தாம் வகுப்பு. என் கைபேசியைத்தான் அவனும் பயன்படுத்துகிறான். அவன் வகுப்புப் பையன்களின் வாட்ஸ்அப் குழுவில், கூடப் படிக்கும் ஒரு பெண்ணின் முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டி, பார்க்கத் தகாத படமாக்கி யாரோ போட்டிருக்கிறார்கள். கேட்டால், "வந்தது, நான் அனுப்பவில்லை" என்கிறான். ஆனால் படத்தின் கீழே சிரிப்புப் பொம்மை ஒன்றைத் தட்டியிருக்கிறான். கைபேசியைப் பிடுங்கி வைத்துவிடட்டுமா? அந்தப் பெண் வீட்டில் சொல்வதா, வேண்டாமா?

பதில்: அன்புச் சகோதரி, கைபேசியைப் பிடுங்காதீர்கள். இருபது ஆண்டுகளாகத் தஞ்சை, திருவாரூர் வட்டாரப் பள்ளிகளில் பிள்ளைகளோடு பேசி வருகிறேன். இணையத்தில் ஏதோ விபரீதத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளையிடம் "வீட்டில் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டால், அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "சொன்னால் போனை வாங்கிவிடுவார்கள்." படத்தை வைத்து மிரட்டிப் பணம் பறிக்கிறவன் நம்பியிருப்பதும் இந்தப் பயத்தைத்தான். நாளைக்கு உங்கள் மகனின் படத்தையே வைத்து ஒருவன் மிரட்டினால், அவன் முதலில் ஓடி வர வேண்டியது உங்களிடம். அந்த வழியை இன்றைய கோபத்தில் அடைத்துவிடாதீர்கள்.

அடுத்தது அந்தப் படம். அதை யாருக்கும் அனுப்பக் கூடாது. கணவருக்கும் கூடாது, ஆசிரியருக்கும் கூடாது. "ஆதாரத்துக்காக" என்று சொல்லி நல்லவர்கள் அனுப்பியே பல படங்கள் ஊர் முழுக்கப் பரவியிருக்கின்றன. குழுவின் பெயர், படத்தைப் போட்டவரின் எண், நாள், நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பிலேயே புகார் செய்யுங்கள். பிறகு படத்தை அழியுங்கள். குழுவில் அழித்தால் மட்டும் போதாது. வரும் படங்களை வாட்ஸ்அப் தானாகவே கைபேசியின் படத்தொகுப்பில் சேமித்துவிடும். அங்கும் தேடி அழிக்க வேண்டும். அமைப்புகளில் இந்தத் தானியங்கிச் சேமிப்பை நிறுத்தியும் வையுங்கள்.

"வந்தது" என்பது சட்டத்தின் முன் முழு விடையாகாது என்பதை மகன் தெரிந்துகொள்ள வேண்டிய வயதுதான் இது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. 2019இல் செய்த திருத்தத்துக்குப் பின், ஒட்டியோ மாற்றியோ செய்த படமும் அதன் வரம்புக்குள் வருகிறது. குழந்தைகளின் ஆபாசப் படத்தைப் பதிவிறக்கிப் பார்த்ததற்காகத் தமிழ்நாட்டில் தொடரப்பட்ட ஒரு வழக்கை 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. பரப்பும் நோக்கத்தோடு, அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று அது சொன்னது. ஆகவே உங்கள் மகனுக்கு வந்ததைவிட, வந்த பிறகு அவன் என்ன செய்தான் என்பதுதான் முக்கியம்.

அந்தப் பெண் வீட்டில் கட்டாயம் சொல்ல வேண்டும். நீங்கள் தனியாகப் போய் அவள் அம்மாவிடம் பேசுங்கள். கைபேசியை எடுத்துச் செல்லாதீர்கள். "உங்கள் மகள் எந்தத் தப்பும் செய்யவில்லை" என்பது உங்கள் முதல் வார்த்தையாக இருக்கட்டும். நம் ஊர்களில் "மானம் போய்விட்டது" என்று அந்தப் பெண்ணைப் பள்ளியிலிருந்தே நிறுத்திவிடுகிறார்கள். படத்தைச் செய்தவன் வகுப்பில் இருப்பான், அவள் வீட்டில் இருப்பாள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது.

இப்படி ஒன்று நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்வது போக்சோ சட்டப்படி எல்லோருடைய கடமையுமாகும். தலைமை ஆசிரியர் அதை மூடி மறைக்க முடியாது. திருவாரூர் மாவட்டத்துக்குச் சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் இத்தகைய புகாரைப் பதியலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பெண்ணின் பெற்றோர் போலீஸ் என்றதும் தயங்கினால் இதைச் சொல்லுங்கள்: வாக்குமூலத்தை அவள் வீட்டிலேயே வாங்கலாம், கூடுமானவரை பெண் அதிகாரியே வருவார், சீருடையில் வரக் கூடாது, பெயரும் படமும் வெளியாகக் கூடாது. இவையெல்லாம் சட்டத்திலேயே உள்ளவை. 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையும் அவளுக்கு உதவும். படத்தை எங்கும் ஏற்றத் தேவையில்லை. படம் அவளிடம் இருந்தால், அவள் கைபேசியிலேயே அதற்கு ஓர் எண் அடையாளம் உருவாகும். அந்த அடையாளத்தை வைத்து, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்றவை தங்கள் தளத்தில் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்க முயலும்.

இனி உங்கள் மகன். அந்தச் சிரிப்புப் பொம்மையைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். படத்தைச் செய்தவன் ஒருவன். ஆனால் அடுத்த படத்தைச் செய்ய அவனுக்குத் தெம்பு கொடுப்பது கீழே விழும் பொம்மைகள். அந்தப் பெண் என்றாவது அந்தத் திரையைப் பார்த்தால், யார் யார் சிரித்தார்கள் என்று ஒவ்வொரு பெயராகப் படிப்பாள். இதைச் சத்தம் போட்டுச் சொல்லாதீர்கள். அவனை எதிரே உட்கார வைக்காமல், வயலுக்குப் போகும்போது கூட நடந்துகொண்டே பேசுங்கள். இந்த வயதுப் பையன்கள் முகம் பார்க்காமல்தான் மனம் திறப்பார்கள்.

வயலையே பாடமாக்கலாம். வயலுக்கு வயல் தண்ணீர் பாயும் ஊர் உங்களுடையது. களைக்கொல்லி போட்டால் வாமடையை, அதாவது வரப்பில் தண்ணீர் பாயும் வாயை, அடைக்க வேண்டும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அடைக்காமல் விட்டு அடுத்தவர் பயிர் பட்டுப்போனால், "மேலிருந்து வந்த தண்ணீர்தான்" என்று சொல்லித் தப்ப முடியுமா என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். "இந்தப் படத்தை அழித்துவிடுங்கள், இது தப்பு" என்று குழுவில் ஒரு வரி எழுத அவனுக்குத் துணிவு வந்தால் நல்லது, வராவிட்டால் வற்புறுத்தாதீர்கள். பேசாமல் குழுவைவிட்டு வெளியேறுவதும் வாமடையை அடைப்பதுதான்.

கைபேசியில் சில்லறை வேலைகளும் உண்டு. உங்கள் எண்ணில்தான் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வரவான குறுஞ்செய்தியும், வங்கியின் ஓடிபியும் வரும் என்று நினைக்கிறேன். வங்கிச் செயலிக்குத் தனிப் பூட்டு போடுங்கள். அந்தப் பூட்டின் எண்ணை மகனும் அறிய வேண்டாம். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க இரட்டைச் சரிபார்ப்பை வையுங்கள். அவனைக் கண்ட குழுவிலும் சேர்க்க முடியாதபடி, தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் சேர்க்கலாம் என்று மாற்றுங்கள்.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மகனே ஒருநாள் சொல்லக்கூடும். உடனே அனுப்பிவிடாதீர்கள், குறுஞ்செய்தியும் வேண்டாம். அவள் வகுப்பு ஆசிரியையிடம் சொல்லி வையுங்கள். கேட்கத் தயார் என்று அந்தப் பெண் சொன்னால், ஆசிரியையின் முன்னிலையில் அவன் கேட்கட்டும். அவளுக்கு வேண்டாம் என்றால், அவன் காத்திருக்கட்டும்.