அதிகம் பேசப்படாத தடுப்பாட்டக்காரர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார், ஏன்?

வேல்ஸ் கால்பந்து அணியின் முன்னாள் கேப்டன் ஆஷ்லி வில்லியம்ஸ். வேல்ஸ் என்றாலே எல்லோரும் கேரத் பேலைத்தான் சொல்வார்கள். பேல் கோல் அடித்துக் கொடுத்த முன்னிலையைப் பின்னால் நின்று காப்பாற்றியவர் இவர்.

1984-ல் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் பிறந்தவர். தாய்வழித் தாத்தா வேல்ஸ்காரர் என்பதால் அந்த நாட்டுக்கு ஆடும் தகுதி கிடைத்தது. 16 வயதில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் இவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. பெரும்பாலான பையன்களுக்குக் கால்பந்து அதோடு முடிந்துவிடும். இவர் ஹெட்னஸ்ஃபோர்ட் டவுன் என்ற சின்ன கிளப்பில் ஆடி, 2003 கடைசியில் ஸ்டாக்போர்ட் கவுண்டிக்குப் போனார். அங்கிருந்து 2008-ல் ஸ்வான்சி சிட்டி. ஸ்வான்சி அப்போது மூன்றாம் நிலை லீக்கில் இருந்தது. மூன்றே வருடத்தில், 2011 மே மாதம் வெம்ப்லியில் ரெடிங்கை 4-2 என்று தோற்கடித்து, பிரீமியர் லீக்குக்குப் போன முதல் வேல்ஸ் கிளப் ஆனது. 2013-ல் பிராட்ஃபோர்டை 5-0 என்று வென்று லீக் கோப்பையையும் எடுத்தது. இரண்டு வெற்றியிலும் சென்டர் பேக், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரர், இவர்தான்.

ஆனால் நான் இவரை மதிப்பது கேப்டன் பொறுப்பு வந்து சேர்ந்த நேரத்துக்காக. வேல்ஸ் பயிற்சியாளர் கேரி ஸ்பீட் 2011 நவம்பரில் இறந்துபோனார். அணி முழுக்க அந்தத் துக்கத்தில் இருந்தது. அடுத்து வந்த கிறிஸ் கோல்மன் தலைமையில் 2012 செப்டம்பரில் செர்பியாவிடம் 6-1 தோல்வி. அந்த நிலைமையில்தான் ஆரன் ராம்சியிடமிருந்து கேப்டன் பட்டை வில்லியம்ஸ் கைக்கு வந்தது. அப்புறம் நடந்ததைப் பாருங்கள்: ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ 2016 போட்டியின் தகுதிச் சுற்றில் 10 ஆட்டங்கள், வாங்கிய கோல்கள் வெறும் 4. 1958 உலகக் கோப்பைக்குப் பிறகு வேல்ஸ் ஒரு பெரிய போட்டிக்குப் போனது அப்போதுதான்.

யூரோ நடந்த பிரான்ஸில் வட அயர்லாந்துக்கு எதிரான நாக்-அவுட் ஆட்டத்தில், சக வீரர் ஜானி வில்லியம்ஸ் மீதே மோதி இவர் தோளில் பலத்த அடி. கையைத் தூக்கவே முடியவில்லை. வெளியே வா என்றால் கேட்கவில்லை, 1-0 என்று முடியும்வரை நின்றார். ஆறே நாளில் லில் நகரத்தில் பெல்ஜியத்துடன் காலிறுதி. எல்லைக்குப் பக்கத்து ஊர், அரங்கம் முழுக்க பெல்ஜிய ரசிகர்கள். பெல்ஜியத்தின் நைங்கோலன் தூரத்திலிருந்து அடித்த கோலால் 13-வது நிமிடமே பின்தங்கினார்கள். 31-வது நிமிடம் ராம்சி எடுத்த கார்னரில், அதே அடிபட்ட தோளோடு ஓடிவந்து குதித்து, கோல்கீப்பர் கூர்த்துவாவைத் தாண்டித் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். நேராகத் தன் அணி பெஞ்சை நோக்கி ஓடினார். ஆட்டம் 3-1. அரையிறுதியில் போர்ச்சுகலிடம் தோற்றார்கள். தடை காரணமாக ராம்சியும் பென் டேவிஸும் இல்லாமல் போனது பெரிய இழப்பு என்று இன்றைக்கும் எனக்கு ஆதங்கம் உண்டு.

அதன் பிறகு எவர்டனுக்குப் போனார், அங்கே ஸ்வான்சி அளவுக்கு அமையவில்லை. ஸ்டோக், பிரிஸ்டல் சிட்டி என்று ஆடிவிட்டு 2021 ஜனவரியில் ஓய்வு. வேல்ஸுக்காக 86 ஆட்டங்கள்.

வேகம் இவருடைய பலம் இல்லை. பந்து எங்கே விழும் என்று முன்பே கணித்து அங்கே போய் நிற்பதுதான் பலம். நேரம் கிடைத்தால் அந்த பெல்ஜியம் ஆட்டத்தின் இரண்டாம் பாதியை முழுதாகப் பாருங்கள். இடைவேளைக்குப் பிறகு பெல்ஜியம் அணியினர் உயரமான ஃபெல்லாயினியை இறக்கி, பெனால்டி பாக்ஸுக்குள் பந்தைத் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். கேமராவில் பந்தைத் தொடராமல் வேல்ஸின் 6-ம் எண் சட்டையை மட்டும் பாருங்கள், ஏன் இவரைச் சொன்னேன் என்று புரியும்.