ஒரு பிராந்தியத்தின் எல்லையைத் தீர்மானிப்பது வரலாறா, பண்பாடா, அரசியலா?

இம்மூன்றில் எதற்கு வலு அதிகம் என்று கேட்டிருக்கிறீர்கள். நாட்டின் எல்லைக்கு ஒப்பந்தமும் காவற்சாவடியும் உண்டு. தென்கிழக்காசியா, பால்கன், மத்திய கிழக்கு போன்ற பிராந்தியங்களுக்கு அவை கிடையாது. அதனால் இவற்றின் எல்லை, அந்தப் பெயரை யார் எந்தத் தேவைக்காகக் கையாள்கிறார்கள் என்பதைப் பொறுத்து நகர்ந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலோர் பண்பாட்டைத்தான் முதலில் வைப்பார்கள்; நான் அதை மூன்றாவதாக வைப்பேன்.

தென்கிழக்காசியாவையே எடுத்துக்கொள்வோம். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தது. அன்றைய நிர்வாகியின் பார்வையில் அது இந்தியாவின் கிழக்கு ஓரம். இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், ஜப்பானை எதிர்கொள்ள நேச நாடுகள் தென்கிழக்காசியப் படைத்தலைமை ஒன்றை அமைத்து, பிரிட்டிஷ் தளபதி மவுண்ட்பேட்டனிடம் ஒப்படைத்தன. மறு ஆண்டு அதன் தலைமையகம் கண்டிக்கு மாறியது. பர்மாவும் மலாயாவும் மட்டுமின்றி இலங்கையும் அதன் பொறுப்பில் இருந்தது; பிலிப்பைன்ஸோ அமெரிக்கத் தளபதி மெக்கார்தரின் தென்மேற்குப் பசிபிக் போர்முனையைச் சேர்ந்திருந்தது. அதுவரை பெரும்பாலும் அறிஞர்களின் எழுத்தில் மட்டும் வழங்கிய ஒரு பெயர் பரவலாக ஊன்றியதில் இந்தப் படைப் பிரிவினைக்குப் பெரிய பங்கு உண்டு. 1967இல் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் தொடங்கியபோது பிலிப்பைன்ஸ் அதன் ஐந்து நிறுவன உறுப்பினர்களில் ஒன்று. பர்மா 1997இல் சேர்ந்தது. இலங்கை 1985இல் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கைத் தொடங்கிய நாடுகளில் ஒன்றாகித் தெற்காசியாவில் நிலைபெற்றது.

இப்போது பண்பாட்டின் கணக்கைப் பாருங்கள். இலங்கையில் பிக்குகளுக்கு முழுத் துறவுநிலை அளிக்கும் மரபு அறுந்துபோனபோது, 1753இல் சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்தே அதை மீட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து வேறொரு குழுவினர் பர்மாவின் அமரபுரத்துக்குச் சென்று தீட்சை பெற்றுத் திரும்பினர். இவ்விரு வழிகளிலும் வந்தவைதான் இன்றும் இலங்கைச் சங்கத்தில் முதன்மை பெற்றிருக்கும் பிக்குப் பிரிவுகளான சியாம் நிகாயமும் அமரபுர நிகாயமும். தேரவாத பௌத்தத்தை அளவுகோலாகக் கொண்டால் இலங்கை, மியான்மர், தாய்லாந்து, கம்போடியா ஆகியவை ஒரே பிராந்தியமாகவும், பிலிப்பைன்ஸும் இந்தோனேசியாவும் அதற்கு வெளியிலும் இருக்க வேண்டும். அப்படியொரு பிராந்தியத்தை எந்த அரசியல் அமைப்பும் கட்டவில்லை. எனவே அதற்கு வரைபடத்தில் இடமில்லை.

மலைகளும் ஆறுகளும் பெரும்பாலும் பின்னரே சாட்சிக்கு அழைக்கப்படுகின்றன. பண்டைய கிரேக்கர்கள் ஐரோப்பாவையும் ஆசியாவையும் தனாயிஸ் ஆற்றில் (இன்றைய டான்) பிரித்தனர். அந்தக் கோட்டை யூரல் மலைக்கு நகர்த்தும் கருத்தை 18ஆம் நூற்றாண்டில் முன்வைத்தவர்களில் ஒருவர் ரஷ்ய அறிஞர் தாதிஷ்சேவ். மற்றவர், ரஷ்யாவில் போர்க்கைதியாகப் பல்லாண்டுகள் கழித்த சுவீடன் அதிகாரி ஸ்ட்ராலென்பெர்க். ஐரோப்பிய வல்லரசாகத் தன்னைக் காட்ட விரும்பிய ரஷ்யாவுக்கு அந்தப் புதிய கோடு மிகவும் வசதியாக இருந்தது. 2,000 மீட்டரைக்கூட எட்டாத யூரல், இரு கண்டங்களைப் பிரிக்கும் அளவுக்குப் பெரிய தடையன்று.

1987இல், இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தில் சேர விண்ணப்பித்த மொராக்கோ, ஐரோப்பிய நாடு அன்று என்ற காரணத்தால் மறுக்கப்பட்டது. அதே ஆண்டு விண்ணப்பித்த துருக்கியின் நிலப்பரப்பில் மிகச் சிறு பகுதியே ஐரோப்பாவில் இருந்தும், 1999இல் அது வேட்பாளர் நாடாக ஏற்கப்பட்டது. உறுப்புரிமை இன்னும் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. இதைவிட வேடிக்கையானது, ஐரோப்பிய ஒன்றியம் வழங்கும் ‘மேற்கு பால்கன்’ என்ற பிராந்தியம். 2013இல் ஒன்றியத்தில் இணைந்ததும் குரோவேஷியா அந்தப் பட்டியலிலிருந்து வெளியேறிவிட்டது. உறுப்பினரானால் வெளியே, ஆகாதவரை உள்ளே என்னும் ஒரு பிராந்தியத்துக்குப் புவியியல் விளக்கம் தேடிப் பயனில்லை.

இவ்வளவு சொன்னதால், எல்லைகள் வெறும் கற்பனை என்று நான் கருதுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அரசியல் இழுத்த கோடு நெடுநாள் நின்றுவிட்டால், அதை இழுத்த அரசு மறைந்த பிறகும் அதன் தடம் எஞ்சுகிறது. போலந்தை 1772 முதல் 1795 வரை பிரஷ்யா, ஆஸ்திரியா, ரஷ்யா ஆகிய மூன்றும் பங்கிட்டுக்கொண்டன. 1918இல் நாடு மீண்டும் உருவானது. ஆயினும் இன்றைய போலந்தின் இருப்புப்பாதை வரைபடத்தைப் பார்த்தால், முன்பு ஜெர்மன் ஆட்சியில் இருந்த மேற்கில் பாதைகள் நெருக்கமாகவும், ரஷ்ய ஆட்சியில் இருந்த கிழக்கில் அரிதாகவும் தென்படும். தேர்தல் முடிவுகளின் வரைபடத்திலும் ஏறத்தாழ இதே பிளவு பலமுறை தெரிந்திருக்கிறது.

பண்பாட்டை மூன்றாவதாக வைத்ததற்குக் காரணம், அது தானாகக் கோடாக அமைவதில்லை; சாயல் சாயலாகவே மாறுகிறது. நெதர்லாந்துக்கும் வடக்கு ஜெர்மனிக்கும் இடையே எல்லையின் இருபுறத்துக் கிராமத்தாரும் ஒருகாலத்தில் ஏறக்குறைய ஒரே வட்டார வழக்கில்தான் பேசிக்கொண்டனர். ஒருபுறம் பள்ளியும் நீதிமன்றமும் செய்தித்தாளும் டச்சு மொழியிலும், மறுபுறம் ஜெர்மன் மொழியிலும் தலைமுறை தலைமுறையாக இயங்கிய பிறகுதான், பேச்சு வழக்கின் பிரிவும் அரசு எல்லையை ஒட்டி வந்து நின்றது.